கஅபாவில் வைத்த ஒப்பந்தமும் ரய் போர்க்களமும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு தகப்பனார் தன் பிள்ளைகளுக்குள் சண்டை வந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறார். தான் உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்து வைக்கிறார். பத்திரம் எழுதுகிறார். பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்குகிறார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி சாட்சி வைக்கிறார். இத்தனைக்குப் பிறகும் அந்தப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்களா?

"எழுதி வைத்துவிட்டால் பிறகு என்ன சண்டை?" என்று நீங்கள் சொல்லக்கூடும். இன்றைக்கு நான் சொல்லப்போவது, உலகத்திலேயே மிகப் பெரிய சொத்தை, மிகப் புனிதமான இடத்தில் வைத்து, மிகப் பெரிய சாட்சிகளுக்கு முன்னால் எழுதிப் பிரித்த ஒரு தகப்பனின் கதை. அந்தத் தகப்பன் கலீஃபா ஹாரூன் ரஷீத். அவருடைய பிள்ளைகள் அமீனும் மஃமூனும். தகப்பன் இறந்து முழுதாக மூன்று ஆண்டுகள் கூட ஆகவில்லை. ரய் நகருக்கு வெளியே அண்ணன் படையும் தம்பி படையும் வாளோடு மோதின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பக்தாத் நகரம் சுடுகாடாயிற்று.

ஏன் இப்படி நடந்தது? பத்திரத்தில் குறையா? பிள்ளைகளிடம் குறையா? இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களிடம் குறையா? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகள்

ஹிஜ்ரி 170, அதாவது கி.பி. 786. அப்பாஸிய வரலாற்றில் அதிசயமான ஓர் இரவு அந்த ஆண்டில் வருகிறது. அந்த ஒரே இரவில் ஒரு கலீஃபா மரணித்தார், ஒரு கலீஃபா ஆட்சிக்கு வந்தார், பிற்காலத்தில் கலீஃபாவாகப்போகிற ஒரு குழந்தை பிறந்தது. மரணித்தவர் ஹாதி. ஆட்சிக்கு வந்தவர் அவருடைய தம்பி ஹாரூன் ரஷீத். பிறந்த குழந்தை அப்துல்லாஹ். அவர்தான் மஃமூன்.

மஃமூனின் தாய் மராஜில். குராஸான் பக்கத்திலிருந்து வந்த அடிமைப் பெண். பிள்ளையைப் பெற்ற சில நாட்களிலேயே இறந்துபோனார். தாயில்லாப் பிள்ளையாக மஃமூன் வளர்ந்தார்.

அடுத்த ஆண்டு, 787-ல், இன்னொரு மகன் பிறந்தார். பெயர் முஹம்மத். அவர்தான் அமீன். அவருடைய தாய் யார் தெரியுமா? ஜுபைதா அம்மையார்! பக்தாத் நகரை நிர்மாணித்த கலீஃபா மன்ஸூருடைய பேத்தி. மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெருமாட்டி. இன்றும் "ஐன் ஜுபைதா" என்று அவர் பெயரால் சொல்லப்படுகிறதே, அதே ஜுபைதா.

ஆக, வயதில் ஆறு மாதம் மூத்தவர் மஃமூன். தகப்பன் வழி, தாய் வழி இரண்டிலும் ஹாஷிம் குடும்பத்து இரத்தம் அமீனுக்கு. அமீன் 5 வயதுக் குழந்தையாக இருக்கும்போதே, 792-ல், அவர்தான் அடுத்த கலீஃபா என்று பைஅத் வாங்கப்பட்டது. மஃமூன் அமீனுக்கு அடுத்த வாரிசு என்று 799-ல் அறிவிக்கப்பட்டார்.

இருவரும் ஒரே அரண்மனையில் வளர்ந்தவர்கள். இலக்கண மேதை கிஸாஈ இருவருக்குமே ஆசிரியர். ஒரே ஆசிரியரிடம் ஓதிய சகோதரர்கள் பிறக்கும்போதே பகையோடு பிறந்தவர்கள் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்காவில் எழுதிய ஒப்பந்தம்

ஹிஜ்ரி 186, கி.பி. 802. ஹாரூன் ரஷீத் பிள்ளைகளோடு ஹஜ்ஜுக்குப் போகிறார். மந்திரிகள், தளபதிகள், காழிகள், குடும்பத்துப் பெரியவர்கள் எல்லாரும் உடன் வருகிறார்கள். அங்கே இரண்டு பத்திரங்கள் எழுதப்படுகின்றன. ஒன்றில் அமீன் எழுதிக் கொடுக்கிறார். இன்னொன்றில் மஃமூன் எழுதிக் கொடுக்கிறார்.

என்ன எழுதினார்கள்? ஹாரூனுக்குப் பிறகு அமீன் கலீஃபா. அவருக்குப் பிறகு மஃமூன். அமீன் ஆட்சியில் இருக்கும் காலத்திலும் குராஸானும் அதைச் சேர்ந்த கிழக்குப் பகுதிகளும் மஃமூனுடைய பொறுப்பு. அங்கே அமீன் தலையிடக் கூடாது. மஃமூனின் ஆட்களைத் தொடக் கூடாது. வாரிசு உரிமையிலிருந்து அவரை நீக்கக் கூடாது. மஃமூனும் தன் பங்குக்கு அமீனுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். தேவைப்பட்டால் படை கொடுத்து உதவ வேண்டும். மூன்றாவது மகன் காஸிமுக்கு ரோமர்களின் எல்லைப்புற மாகாணங்கள்.

வாக்கை மீறினால்? சொத்து முழுவதும் தர்மமாகிவிடும். அடிமைகள் விடுதலையாகிவிடுவார்கள். கால்நடையாகவே ஹஜ்ஜுகள் செய்ய வேண்டும். இப்படிக் கடுமையான சத்தியங்கள். பத்திரங்கள் மக்கள் முன்னால் வாசிக்கப்பட்டன. சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். பிறகு கஅபாவிலே வைத்தார்கள். எல்லா மாகாணங்களுக்கும் செய்தி எழுதினார்கள்.

வணிகர்களே! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வகையில் ஹாரூன் செய்தது சரியான காரியம். வாய்ப் பேச்சாக விடவில்லை, எழுதினார்.

ஆனால் எழுதியதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே சாம்ராஜ்யம். அதற்கு ஒரு பெயர்தான், ஆனால் கருவூலம் இரண்டு, படை இரண்டு, மந்திரிகள் கூட்டமும் இரண்டு. ஒரே கடை, ஒரே பெயர்ப் பலகை, இரண்டு கல்லாப்பெட்டி, இரண்டு கணக்குப்பிள்ளை என்று வைத்தால் என்ன ஆகும்? அண்ணனும் தம்பியும் சும்மா இருந்தாலும் கணக்குப்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

மரணப் படுக்கையிலேயே மீறல்

808-ல் ஹாரூன் குராஸான் நோக்கிப் புறப்பட்டார். அங்கே ஸமர்கந்தில் ராஃபிஉ பின் லைஸ் என்பவர் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார். கிளர்ச்சிக்குக் காரணம்? குராஸானில் பத்தாண்டு காலம் கவர்னராக இருந்த அலீ பின் ஈஸா பின் மாஹான் மக்களைக் கசக்கிப் பிழிந்த கொடுமை. ஹாரூனே பொறுக்க முடியாமல் அவரைப் பதவி நீக்கினார். சொத்துக்களைப் பறிமுதல் செய்தார். இந்த அலீ பின் ஈஸாவின் பெயரை மறந்துவிடாதீர்கள். மீண்டும் வருவார்.

வழியில் ஹாரூனின் நோய் முற்றியது. 809 மார்ச் மாதம் தூஸ் நகரில் மரணமடைந்தார். மஃமூன் அதற்கு முன்பே மர்வ் நகருக்கு அனுப்பப்பட்டிருந்தார். தன்னோடு வந்த படையும் பொருளும் மஃமூனுக்கே சேர வேண்டும் என்பது ஹாரூனின் கட்டளை. தளபதிகளிடம் அதற்கு வாக்குறுதியும் வாங்கியிருந்தார்.

ஆனால் நடந்தது என்ன? ஹாரூனின் அந்தரங்க அதிகாரி பழ்ல் பின் ரபீஉ கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்தாதில் இருக்கிறவர் இன்றைய கலீஃபா. மர்வில் இருக்கிறவர் நாளைக்கு என்ன ஆவாரோ யாருக்குத் தெரியும்? படைவீரர்களுக்கோ பக்தாதில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கும் அவசரம். படையையும் பொருளையும் எடுத்துக்கொண்டு அமீனிடமே போய்விட்டார்கள்!

வாக்குறுதியை முதலில் மீறியது அமீனும் அல்ல, மஃமூனும் அல்ல. சாட்சிகளாக நின்றவர்கள்தான் முதலில் மீறினார்கள். மீறியவர்களுக்கு ஓர் அச்சமும் சேர்ந்து வந்துவிட்டது. நாளைக்கு மஃமூன் கலீஃபாவானால் நம்மைச் சும்மா விடுவாரா? ஆகவே மஃமூன் கலீஃபாவாகவே கூடாது! பழ்ல் பின் ரபீஉவின் அரசியல் இதுதான். கலீஃபாவின் காதருகில் இருந்துகொண்டு அண்ணனுக்கு எதிராகத் தம்பியைத் தூண்டும் ஆலோசகரின் உள்நோக்கம் இதைத் தவிர வேறில்லை.

மர்விலே இன்னொரு பழ்ல் இருந்தார். பழ்ல் பின் ஸஹ்ல். பாரசீகக் குடும்பத்துக்காரர், 806-ல் இஸ்லாத்தைத் தழுவியவர், மிகுந்த மதியூகி. மஃமூன் தளர்ந்தபோதெல்லாம் "பொறுங்கள், கிலாஃபத் உங்களுக்கு வரும்" என்று தைரியம் சொன்னவர். அவருக்கும் தன் எஜமான் உயர்ந்தால்தான் தனக்கு உயர்வு. மஃமூன் குராஸான் மக்களின் நிலவரியில் கால் பங்கைத் தள்ளுபடி செய்தார். அறிஞர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார். மக்களின் மனதைப் பிடித்தார்.

கிழிக்கப்பட்ட பத்திரம்

பக்தாதில் காரியங்கள் வேகமாக நடந்தன. காஸிமின் பதவி பறிக்கப்பட்டது. 810-ல் அமீன் தன் சின்னஞ்சிறு மகன் மூஸாவின் பெயரைக் குத்பாவில் சேர்த்தார். பேச்சே சரியாக வராத அந்தக் குழந்தைக்கு "சத்தியத்தைப் பேசுபவர்" என்று பொருள்படும் பட்டப்பெயர்! 811-ன் தொடக்கத்தில் மஃமூனின் பெயர் குத்பாவிலிருந்து நீக்கப்பட்டது. கஅபாவிலிருந்து அந்த இரண்டு பத்திரங்களையும் வரவழைத்தார்கள். கிழித்துப் போட்டார்கள்!

இதைத் தடுக்க யாருமே இல்லையா? ஒருவர் இருந்தார். குஸைமா பின் காஸிம் என்ற மூத்த தளபதி. அவர் அமீனிடம் நேரடியாகவே எச்சரித்தார். தளபதிகளுக்கு வாக்கை மீறக் கற்றுக்கொடுக்காதீர்கள், இன்று மஃமூனுக்குக் கொடுத்த பைஅத்தை உங்களுக்காக மீறுகிறவர்கள் நாளை உங்களுக்குக் கொடுத்த பைஅத்தையும் மீறுவார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரு மனிதர் சொன்னார். மற்றவர்கள்? அவர்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அன்பளிப்பு வந்துகொண்டிருந்தது. வாய் மூடிக்கொண்டார்கள்.

மஃமூன் என்ன செய்தார்? குராஸானிலிருந்து பக்தாதுக்குச் செல்லும் தபாலை நிறுத்தினார். எல்லையில் காவல் போட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவரும் நுழைய முடியாது. அமீனின் பெயரை நாணயத்திலிருந்து நீக்கினார். ரய் நகரைக் காக்க தாஹிர் பின் ஹுஸைன் என்பவரை அனுப்பினார்.

ரய் போர்க்களம்

இப்போது பக்தாதிலிருந்து புறப்படுகிற படையின் தளபதி யார் தெரியுமா? அதே அலீ பின் ஈஸா பின் மாஹான்! எந்த மனிதரின் கொடுமையால் குராஸான் எரிந்ததோ, அதே மனிதரைக் குராஸானுக்கே கவர்னராக நியமித்து அனுப்பினார் அமீன். மஃமூனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன வேண்டும்? அதுவரை இருமனமாக இருந்த குராஸான்காரர்கள்கூட ஒரே அணியாகத் திரண்டார்கள்.

படை 40,000. பக்தாத் மக்கள் அதுபோன்ற ஒரு படையைப் பார்த்ததில்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். புறப்படும்போது அலீ பின் ஈஸா, ஜுபைதா அம்மையாரிடம் விடைபெறச் சென்றார். அந்தத் தாய் ஒரு வெள்ளிச் சங்கிலியைக் கொடுத்தார். மஃமூன் கையில் சிக்கினால், கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இந்த வெள்ளிச் சங்கிலியால் கட்டுங்கள். அவரை அதட்டாதீர்கள். அவர் கலீஃபாவின் மகன், நீங்கள் அவருக்கு நிகரல்ல. அவர் ஏசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதுதான் அவர் சொன்ன புத்தி. மாற்றாந்தாயின் மனதில்கூட இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் சங்கிலியை வெள்ளியால் செய்தது, அவ்வளவுதான். சங்கிலி சங்கிலிதானே!

அலீ பின் ஈஸா ஹமதானைக் கடந்தார். குராஸானிலிருந்து வரும் வணிகக் கூட்டங்களை வழியில் சந்தித்து விசாரித்தார். தாஹிர் ரய்யில் இருக்கிறார், படைகளைச் சரிபார்க்கிறார், ஆயுதங்களைச் செப்பனிடுகிறார் என்று வணிகர்கள் உள்ளதைச் சொன்னார்கள். அலீ சிரித்தார். தாஹிரா? அவனெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? உளவு வீரர்களை அனுப்புங்கள், முகாமைச் சுற்றி அகழி தோண்டுங்கள் என்று அவருடைய அதிகாரிகள் சொன்னார்கள். தாஹிருக்கெல்லாம் அகழி வேண்டாம் என்றார்.

அந்தத் தாஹிர் யார்? ஹிராத் அருகே பூஷன்ஜ் ஊர்க்காரர். ஒரு கண் பார்வை இல்லாதவர். கையில் இருந்த படை 4,000-க்கும் குறைவு. பத்துக்கு ஒன்று என்ற கணக்கு! கோட்டைக்குள் இருந்து சமாளிப்போம் என்று தோழர்கள் சொன்னபோது தாஹிர் மறுத்தார். ரய் மக்கள் அலீயை நினைத்து நடுங்குகிறார்கள். எதிரி வாசலுக்கு வந்துவிட்டால் பயத்தால் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். முன்னால் எதிரி, பின்னால் ஊர் என்று மாட்டிக்கொள்வதைவிட வெட்டவெளியில் சந்திப்பதே மேல் என்று முடிவெடுத்தார். நகரை விட்டு வெளியே வந்து களம் அமைத்தார்.

ஹிஜ்ரி 195, கி.பி. 811. இரு படைகளும் எதிரெதிரே நின்றன. அப்போது ஒரு காரியம் நடந்தது. சகோதரர்களே, இந்தப் போரில் வாள் வீச்சைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். தாஹிரின் பக்கத்திலிருந்து அஹ்மத் பின் ஹிஷாம் என்பவர் ஒரு காகிதத்தை ஈட்டி முனையில் மாட்டிக்கொண்டு இரு படைகளுக்கும் நடுவில் வந்து நின்றார். அது என்ன காகிதம்? மஃமூனுக்கு வாங்கப்பட்ட பைஅத்தின் நகல். அலீயே! அல்லாஹ்வை அஞ்ச மாட்டீரா? இந்த வாக்குறுதியை எங்களிடம் வாங்கியவரே நீர்தானே என்று கேட்டார்.

பாருங்கள்! கஅபாவில் வைத்த பத்திரத்தைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் எழுதிய வாக்கு சாகவில்லை. போர்க்களத்தில் ஈட்டி முனையில் ஏறி வந்து நின்று கேள்வி கேட்டது. அலீ பின் ஈஸா பதில் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நிறுத்துகிறவனுக்குப் பரிசு என்றுதான் அறிவித்தார். அம்பும் கல்லும்தான் பதிலாக வந்தன.

போர் மூண்டது. தொடக்கத்தில் அலீயின் பெரும்படை தாஹிரின் இரு சிறகுகளையும் பின்னுக்குத் தள்ளியது. தாஹிர் கலங்கவில்லை. உங்கள் பலம் முழுவதையும் எதிரியின் நடுப்பகுதியில் செலுத்துங்கள் என்றார். எதிரி வீரன் ஒருவனை இரு கைகளாலும் வாளைப் பிடித்து வெட்டி வீழ்த்தினார் தாஹிர். "இரு வலக்கை உடையவர்" என்ற பட்டம் அவருக்கு வந்த காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். நடுப்பகுதி உடைந்தது. கொடிகள் சாய்ந்தன. அலீ பின் ஈஸா கொல்லப்பட்டார். தலைவன் விழுந்ததும் பெரும்படை சிதறி ஓடியது. ஆயுதத்தைப் போட்டவருக்கு அபயம் என்று தாஹிரின் ஆட்கள் அறிவித்தார்கள்.

தாஹிர் அனுப்பிய வெற்றிச் செய்தி மிகச் சுருக்கமானது. அலீயின் தலை என் முன்னால் இருக்கிறது, அவருடைய மோதிரம் என் விரலில் இருக்கிறது என்ற பொருளில் இரண்டே வரி. மூன்றே நாட்களில் அது மர்வை எட்டியதாகச் சொல்கிறார்கள். மஃமூனைக் கலீஃபா என்று அழைத்து வாழ்த்தினார்கள்.

இதே செய்தி பக்தாதுக்கு வந்தபோது அமீன் மீன் பிடித்துக்கொண்டிருந்தாராம். என்னோடு இருப்பவன் இரண்டு மீன் பிடித்துவிட்டான், நான் இன்னும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை, இப்போது தொந்தரவு செய்யாதே என்றாராம். தபரீயின் வரலாற்றில் இது இருக்கிறது. ஆனால் இளைஞர்களே, ஓர் எச்சரிக்கை. தபரீ எழுதியது இந்நிகழ்ச்சிகளுக்குச் சுமார் 100 ஆண்டுகளுக்குப் பிறகு. அவருக்குக் கிடைத்த செய்திகளில் பல மஃமூன் வென்ற பிறகு பரவியவை. தோற்றவரைச் சோம்பேறியாகவும் உல்லாசியாகவும் காட்டுவது வென்றவர்களின் வழக்கம். ஆகவே மீன் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பழகுங்கள். நம்மைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளைப் படிக்கும்போதும் இந்தப் பழக்கம் உதவும்.

இதுபோலவே, இந்தப் போரை அரபியருக்கும் பாரசீகருக்கும் நடந்த இனப்போர் என்று சிலர் எழுதிவிட்டார்கள். அதுவும் முழு உண்மையல்ல. அமீனுக்காகப் போரிட்டவர்களில் முக்கியமானவர்கள் "அப்னா" எனப்பட்டவர்கள். குராஸானிலிருந்து வந்து பக்தாதில் குடியேறியவர்களின் வாரிசுகள். அலீ பின் ஈஸாவே அவர்களில் ஒருவர். பக்தாதில் வேரூன்றிய குராஸான்காரர்களும் குராஸானிலேயே இருந்த குராஸான்காரர்களும் மோதினார்கள். சம்பளமும் பதவியும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற சண்டைக்குப் பிற்காலத்தில் இனச் சாயம் பூசப்பட்டது.

பக்தாத் எரிந்தது

ரய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிற்கவில்லை. அமீன் அனுப்பிய அடுத்த படையும் ஹமதானில் தோற்றது. அதற்கடுத்த படைகளைத் தாஹிர் வாளால் வெல்லவில்லை, வதந்தியால் வென்றார்! பக்தாதில் மற்றவர்களுக்குப் பணம் வாரி வழங்கப்படுகிறது, நீங்கள் இங்கே கிடக்கிறீர்களே என்று ஒரு பேச்சைப் பரப்பினார். இரு தளபதிகளின் படைகளும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு திரும்பிவிட்டன. பணத்துக்காக வாக்கை மீறியவர்களைப் பணத்தின் பெயரால் கலைப்பது எவ்வளவு சுலபம்!

812-ல் பக்தாதிலேயே ஒரு புரட்சி. அமீனைப் பிடித்துச் சிறை வைத்தார்கள். செய்தவர் யார்? ரய்யில் அமீனுக்காக உயிர்விட்ட அலீ பின் ஈஸாவின் மகன் ஹுஸைன்! சில நாட்களில் வேறு படையினர் அமீனை மீட்டார்கள் என்றாலும் குஸைமா எச்சரித்தது அப்படியே நடந்தது. அதே ஆண்டு மக்காவின் கவர்னர் தாவூத் பின் ஈஸா, கஅபாவின் அருகே மக்களைக் கூட்டி, இங்கே வைத்த ஒப்பந்தத்தைக் கிழித்தவருக்கு இனி நம் பைஅத் இல்லை என்று அறிவித்தார். சாட்சிகளில் ஒருவர் காலம் கடந்தாவது எழுந்து நின்றார்.

812 ஆகஸ்டில் முற்றுகை தொடங்கியது. ஒரு பக்கம் தாஹிர், மறு பக்கம் ஹர்தமா. ஓராண்டுக்கு மேல் நீடித்தது. மின்ஜனீக் என்னும் கல்லெறி இயந்திரங்கள் இரவும் பகலும் வீடுகளைத் தகர்த்தன. தாஹிர் தனக்குக் கட்டுப்படாத பகுதிகளுக்கு ஒரு பெயர் வைத்தார்: "தாருன் நக்ஸ்", அதாவது வாக்கு மீறியவர்களின் பகுதி. உணவுப் பொருள் ஏற்றி வந்த படகுகளைத் தடுத்தார். விலைவாசி ஏறியது. அமீன் அரண்மனையின் தங்கம் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயமடித்துச் சம்பளம் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது.

கடைசியில் அமீனுக்காகப் போரிட்டவர்கள் யார்? தளபதிகள் அல்ல. சந்தையில் மூட்டை சுமந்தவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், தெருப் பிள்ளைகள். உடம்பில் கவசம் கிடையாது. பேரீச்ச ஓலையில் தலைக்கவசம். பாயில் தார் பூசிக் கேடயம். வரலாற்றில் "நிர்வாணிகள்" என்றே அவர்களுக்குப் பெயர். உயிரைக் கொடுத்தவர்கள் இவர்கள். ஒப்பந்தத்தில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது!

வணிகர்களின் நிலை? கர்க் என்பது பக்தாதின் வணிகப் பகுதி. அங்கே இருந்த வியாபாரிகள் இருதலைக்கொள்ளி எறும்பானார்கள். வெளியே தாஹிரின் கல், உள்ளே கொள்ளைக்காரன். நாங்கள் இந்தக் கலகக்காரர்களோடு சேர்ந்தவர்கள் அல்ல என்று தாஹிருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கூடிப் பேசினார்கள். கடிதம் இங்கே உள்ளவர்கள் கையில் சிக்கினால் நம் கதி என்ன என்ற பயத்தில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். வணிகப் பெருமக்களே, யோசியுங்கள். பத்திரம் கிழிக்கப்பட்ட அன்று வாய் திறந்திருந்தால் பலன் இருந்திருக்கும். வீட்டுக் கூரையில் கல் விழுகிற நாளில் கடிதம் எழுதி என்ன பயன்?

813 செப்டம்பரில், அன்று எச்சரித்த அதே குஸைமாவும் தாஹிர் பக்கம் போய் டைக்ரிஸ் நதிப் பாலத்தை வெட்டிவிட்டார். அமீன் ஹர்தமாவிடம் சரணடைய முடிவு செய்தார். இரவில் படகில் ஏறினார். தாஹிரின் ஆட்கள் படகைக் கவிழ்த்தார்கள். நீந்திக் கரையேறிய கலீஃபா பிடிபட்டு, அன்றிரவே கொல்லப்பட்டார். வயது 26.

யார் வென்றார்கள்?

தம்பி தோற்றார். அண்ணன் வென்றார். அப்படித்தானே? பொறுங்கள். மஃமூன் பக்தாதுக்குள் நுழைய மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் 817-ல் பக்தாத் மக்கள் அவருக்குப் போட்டியாக அவருடைய சிற்றப்பா இப்ராஹீமைக் கலீஃபாவாக்கினார்கள். 818-ல் பழ்ல் பின் ஸஹ்ல் கொலை செய்யப்பட்டார். 819-ல்தான் மஃமூன் தலைநகர் வந்தார். பிள்ளையை இழந்த ஜுபைதா, அவரை ஏற்றுக்கொண்டார்.

தூண்டிவிட்ட பழ்ல் பின் ரபீஉ? நிலைமை மோசமானதும் தலைமறைவானார். பிறகு மஃமூனிடம் மன்னிப்பும் பெற்றார்! அண்ணன் தம்பியை மோதவிட்டவர் தப்பித்துக்கொண்டார்.

ரய்யில் வென்ற தாஹிர்? 821-ல் குராஸானின் கவர்னரானார். 822-ல் ஒரு ஜும்ஆ குத்பாவில் மஃமூனின் பெயரைச் சொல்லாமல் விட்டார்! உடனே மரணமும் அடைந்தார். யாருடைய பெயர் குத்பாவில் நீக்கப்பட்டதற்காகப் போர் நடந்ததோ, அதே பெயரை, அந்தப் போரை வென்று கொடுத்தவரே நீக்கினார். அதன் பிறகு குராஸான் 873 வரை தாஹிர் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. சொந்த மக்களை நம்ப முடியாத கலீஃபாக்கள் விலைக்கு வாங்கிய துருக்கிய வீரர்களை நம்பத் தொடங்கினார்கள். 836-ல் தலைநகரே ஸாமர்ராவுக்கு மாறியது. 861-ல் கலீஃபா முதவக்கில் தன் சொந்தக் காவல் படையினராலேயே கொல்லப்பட்டார்.

நீங்களும் நானும் சாட்சிகளே

சகோதரர்களே! இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நம்மில் யாரும் கலீஃபாவின் மகன் அல்ல. ஆனால் நாம் ஒவ்வொருவரும் என்றைக்காவது ஒரு சாட்சி.

கடைத்தெருவில் அண்ணன் தம்பி கூட்டு வியாபாரம் பிரியும்போது நாம் சாட்சி. வீட்டில் தங்கையின் பங்கு எழுதப்படும்போது நாம் சாட்சி. மஹல்லாவில் இரு தரப்பு உட்கார்ந்து சமாதானம் பேசி எழுதிக்கொள்ளும்போது நாம் சாட்சி. கையெழுத்துப் போடுகிறோம், சாப்பிடுகிறோம், போய்விடுகிறோம். ஆறு மாதம் கழித்து ஒருவர் அதை மீறும்போது, "அவர்கள் குடும்ப விஷயம், நமக்கேன் வம்பு" என்கிறோம். மீறுகிறவர் நமக்கு வேண்டியவராக இருந்தால் அவருக்காக வக்காலத்தும் வாங்குகிறோம்.

ஹாரூன் எழுதிய பத்திரம் அந்த இடத்தில்தான் தோற்றது. எழுதினார், சரி. சாட்சி வைத்தார், சரி. ஆனால் மீறுகிறவனைக் கூட்டாக நின்று தடுக்க வேண்டிய கடமை சாட்சிக்கு உண்டு என்பதை அவர்களில் ஒருவர் இருவரைத் தவிர யாரும் நினைக்கவில்லை. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அதே வசனத்தில்தான், அழைக்கும்போது சாட்சிகள் மறுக்கக் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை நாம் விட்டுவிடலாமா?

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணிகர்களே! பங்கு பிரிப்பதானால் முழுதாகப் பிரியுங்கள். ஒரே பெயரில் இரண்டு கல்லாப்பெட்டி வேண்டாம். எழுதும்போதே, தகராறு வந்தால் யார் பேசித் தீர்ப்பது என்பதையும் எழுதுங்கள்.

இளைஞர்களே! உங்களிடம் வந்து இன்னொரு சகோதரனுக்கு எதிராகக் கொதிக்க வைக்கிறவன் யாராக இருந்தாலும், சண்டை மூண்டால் அவனுக்கு என்ன லாபம், சமாதானமானால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் பாருங்கள். ஓலைக் கவசத்தோடு செத்த பக்தாத் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களே! நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் எது இன்று மீறப்பட்டுக்கொண்டிருக்கிறது? அந்த வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். ஈட்டி முனையில் அந்தக் காகிதம் ஏறுகிற நாள் வரை காத்திருக்காதீர்கள்.

வாக்கைக் காப்பவர்களாகவும், வாக்குக்குச் சாட்சி நின்றால் அதைக் காப்பவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! வஸ்ஸலாம்.